ஏழு எண்ணும் வரை

எதிரே வண்டி வரும்போது ஹெட்லைட்டைத் தாழ்த்தாதவர்களுக்கு இனித் தண்டனை உண்டு என்று ஒரு சட்டம் வரப்போவதாகவும், அதைப் பற்றிப் பொதுமக்கள் முப்பது நாளுக்குள் தங்கள் கருத்தை எழுதி அனுப்பலாம் என்றும் போக்குவரத்து அலுவலகம் அறிவித்தது. எழுதலாம் என்று சொல்லிவிட்டால் மக்கள் சும்மா இருப்பார்களா? இருபத்தாறாம் நாளுக்குள் நானூற்றுச் சொச்சம் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அவற்றைப் பிரித்து, படித்து, எண் போட்டு, ஆதரவு ஒரு பெட்டியிலும் எதிர்ப்பு ஒரு பெட்டியிலுமாகப் போடும் வேலை அவள் தலையில் விழுந்தது. பதினெட்டு வருடமாக அந்த அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறவள் தலை, எது வந்தாலும் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை.

மூன்றாவதாக ஒரு பெட்டியும் உண்டு. பெயரும் விலாசமும் இல்லாத மொட்டைக் கடுதாசிகள் அதில் போகும். அவை எண்ணிக்கையில் சேராது.

கடிதங்களைப் படிப்பது அவளுக்கு உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது. ஒரு லாரி முதலாளி, எதிரே வருகிறவனுக்குக் கண் கூசினால் அவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், பக்கத்து வீட்டுக்காரரின் வாசல் விளக்கையும் இந்தச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று மூன்று பக்கம் மன்றாடியிருந்தார். வேலை முடிந்து சாலையோரமாக நடந்து வீடு திரும்பும் நர்ஸ் ஒருத்தி நாலே வரி எழுதியிருந்தாள்: 'வெளிச்சம் கண்ணில் அடித்ததும் நான் நின்றுவிடுவேன். பள்ளம் எந்தப் பக்கம் என்று தெரியாது. வண்டி போகும்வரை நின்றுகொண்டே இருப்பேன். அவர்களுக்கு நான் நிற்பது தெரியுமா என்று தெரியாது.' அதைப் படித்த பிறகு அவள் ஐந்து நிமிடம் வேறு கடிதம் பிரிக்கவில்லை.

வீட்டில் இந்தச் சட்டத்துக்கு எதிர்ப்புதான். அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். டிப்போவில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். மற்றவர்கள் பறக்கிற சாலையில் அவர் உருட்டிக்கொண்டு போவார், ஒரு நாளும் யாரையும் உரசியதில்லை. அதனால் வந்த பெயர். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே பேச்சு வந்தது.

"டிம் பண்றது ஒரு மரியாதை. எதிர்ல வர்றவன் எனக்குப் பண்றான், நான் அவனுக்குப் பண்றேன். வணக்கம் வெக்காதவனப் புடிச்சு ஜெயில்ல போடுவாங்களா? உங்க ஆபீஸ்ல வேற வேல இல்ல போல" என்றார்.

"எங்க ஆபீஸ்ல சட்டம் போடறதில்லைங்க. கடுதாசி எண்றதோட சரி."

"எண்ணு, எண்ணு. எங்க டிப்போவுல ஒருத்தனும் ஆதரவா எழுத மாட்டான், பாத்துக்கோ."

உண்மைதான். டிப்போவிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் எதிர்ப்புப் பெட்டிக்கே போயின. அதிலும் 'புயல்' என்று பெயர் வாங்கிய ஓட்டுநர் ஒருவர் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்.

அவளுக்கும் அந்த டிப்போவில் பட்டப்பெயர் உண்டு: 'முன்சீட்டு அக்கா'. காரணம் எளிது. அவர் மதியம் வேலைக்குப் போய் இரவு பத்தரைக்கு வருவார். அவள் காலை எட்டுக்குக் கிளம்பி மாலை திரும்புவாள். ஒரே வீட்டில் இருந்தும், ஞாயிறு தவிர மற்ற நாட்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற நேரம், மாலை ஐந்து நாற்பதுக்குக் கிளம்பும் அவருடைய பேருந்தில்தான். ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள முதல் இருக்கை அவளுடையது. தலைக்கு மேல் 'ஓட்டுநருடன் பேசக் கூடாது' என்று எழுதியிருக்கும். பதினெட்டு வருடமாக அந்த விதியை மீறாத ஒரே தம்பதி இவர்களாகத்தான் இருக்கும். பேசாமல் என்ன செய்வாள்? பையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டாவது நிறுத்தம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள். பதினாலு கிலோமீட்டர் போய், "அக்கா, வீடு வந்துடுச்சு" என்று கண்டக்டர் எழுப்பினால் இறங்கிப் போவாள். வண்டி மேலே போகும்.

இருபத்தாறாம் நாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஒரு கோடு போட்ட தாளைப் பிரித்தாள். இரண்டு வரி படித்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

'ஐயா, எதிரே வருகிற வண்டி வெளிச்சத்தைத் தாழ்த்தாமல் போனால், அது போன பிறகும் எனக்குச் சாலை தெரிவதில்லை. எல்லாம் வெள்ளையாக இருக்கிறது. மனதுக்குள் எண்ணுவேன். இரண்டு வருடம் முன்பு மூன்று எண்ணினால் சாலை திரும்ப வரும். இப்போது ஏழு எண்ண வேண்டியிருக்கிறது. போன வாரம் ஏழு எண்ணி முடித்துப் பார்த்தால், சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு சைக்கிள்காரர். நான் அவரைப் பார்த்துத்தான் மெதுவாக வந்தேன் என்று நினைத்து, கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார். மற்ற ஓட்டுநர்களிடம் தாழ்த்துங்கள் என்று நான் போய்க் கேட்டால், ஏன் என்று கேட்பார்கள். சட்டம் கேட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆகையால் சட்டம் வேண்டும்.'

பெயர் இல்லை. பெயர் எதற்கு? மளிகைக் கடைச் சீட்டில் வாரா வாரம் பார்க்கிற எழுத்து. அது போதாதென்று தாளின் அடியில் 'நேரம் 9.50. மீட்டர் 418206' என்று வேறு இருந்தது. ஒவ்வொரு நடை முடிந்ததும் டிரிப் ஷீட்டின் அடியில் நேரமும் மீட்டர் எண்ணும் எழுதி எழுதி, எதை எழுதினாலும் அப்படி முடிப்பது அவர் கைக்கு வந்துவிட்ட வழக்கம். அவளுடைய தம்பிக்கு எழுதிய கல்யாண வாழ்த்தின் அடியில்கூட மீட்டர் எண் இருந்தது. இன்றைக்கும் தம்பி அதைச் சொல்லிச் சிரிப்பான்.

ஊரெல்லாம் மெச்சிய நிதானத்தில் கடைசி இரண்டு வருடம் என்ன இருந்தது என்று அவளுக்கு இப்போது புரிந்தது. அந்த இரண்டு வருடமும் அவள் அவருக்கு இரண்டடி பின்னால் உட்கார்ந்து தூங்கியிருக்கிறாள். அவமானமா, பயமா, அவர் மேல் இரக்கமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"என்னம்மா, எந்தப் பெட்டின்னு தெரியலையா?"

மேசைக்கு எதிரே காற்புள்ளி நின்றிருந்தார். காற்புள்ளி என்பது கண்காணிப்பாளருக்கு அலுவலகம் வைத்த பெயர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார், பொதுமக்கள் எழுதிய கடிதத்தில்கூட விட்டுப்போன காற்புள்ளியைச் சிவப்புப் பென்சிலால் போட்டுவிட்டுத்தான் படிப்பார். கையை நீட்டித் தாளை வாங்கினார். படித்து முடித்துவிட்டுப் பென்சிலை எடுக்காமல் நின்றார்.

"நல்ல மனுஷன் எழுதியிருக்கார். ஆனா நல்ல மனுஷன் இடிச்சாலும் இடி இடிதான்." தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "இது என்ன நம்பர்? மீட்டர்ல? டிப்போவுல கேட்டா எந்த வண்டி, யாரு ஓட்டினதுன்னு பத்து நிமிஷத்துல சொல்லிடுவாங்க. நாளைக்குக் காலையில டிப்போவுக்கு ஒரு கடிதம் டைப் பண்ணிடுங்க."

அவள் தலையை ஆட்டினாள்.

"அதுக்குள்ள அவரே போய்ச் சொல்லிட்டார்னா, வெளக்கு வெக்கறதுக்கு முன்னாடி முடியற பகல் வண்டியோ, டிப்போவுலயே வேற வேலையோ குடுப்பாங்க. நாம போய்க் கண்டுபுடிச்சா, மறைச்சான்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. விதி அப்படி" என்று சொல்லிவிட்டு, தாளை அவள் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். எந்த வேலையையும் அடுத்த நாளைக்குத் தள்ளாத மனிதர் ஏன் நாளைக் காலை என்றார் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. அலுவலகத் தாளை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பேருந்து நிலையத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து இருபத்தைந்து. நாள் குறுகிவரும் காலம். ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நிதானம் பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டு முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். வண்டியைக் கண்ணாக வைத்திருக்கிறார் என்று இத்தனை நாள் பெருமைப்பட்ட காட்சிதான் இது. பழியைக் கண்ணாடி மேல் போட்டு ஒரு மனிதர் தினம் தினம் அதைத் துடைத்திருக்கிறார்.

"முன்சீட்டு அக்கா வந்தாச்சு. இனி இன்ஜின் தானாவே ஸ்டார்ட் ஆகும்" என்றார் கண்டக்டர்.

"அவரக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்று வண்டியின் பின்பக்கம் போய் நின்றாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவள் தாளை எடுத்து நீட்டினாள். பார்த்ததும் தெரிந்துகொண்டார். ஆனாலும் முழுப் பூசணிக்காயை மறைக்க ஒரு தடவை முயன்று பார்த்தார்.

"யாரு எழுதினது இது?"

"அடியில மீட்டர் போட்டிருக்கீங்க."

அவர் குனிந்து பார்த்தார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "பழக்கம்" என்றார்.

"பேர் போடாதது எண்ணிக்கையில சேராதுங்க. மொட்டைக் கடுதாசி."

"சேராதா? அது தெரியாது எனக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவர் பேருந்தின் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சொன்னா நீ தூங்க மாட்டே" என்றார். "நாள் பூரா வேல பாத்துட்டு வந்து, அந்த நாப்பது நிமிஷம்தான் நீ தூங்கறே. கண்ணாடியில பாப்பேன். எனக்கும் பகல் வண்டி கேட்டு வாங்கத் தெரியும். அதெல்லாம் வெளியூர் வண்டி, ராத்திரி அங்கேயே தங்கணும். வாங்கிட்டா அப்புறம் உன்ன எப்பப் பாக்கறது?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனிதரை என்ன செய்வது? கட்டிக்கொள்ளவும் தோன்றியது, இரண்டு அறை விடவும் தோன்றியது. இரண்டையும் நிலையத்தில் வைத்துச் செய்ய முடியாது.

"நாளைக்குக் காலையில ஆபீஸ்லேர்ந்து டிப்போவுக்குக் கடிதம் போகுது. மீட்டர வெச்சுக் கண்டுபுடிச்சிடுவாங்க. அதுக்குள்ள நீங்களே சொன்னா வேற வேலையாவது மிஞ்சும்."

"சரி. காலையில முதல் வேலையா டைம் கீப்பர்கிட்ட சொல்லிடறேன். இன்னைக்கு ஒரு நாள் ஓட்டிட்டு வந்துடறேன். டிக்கெட் எல்லாம் போட்டாச்சு, சனம் உக்காந்திருக்கு."

அவள் கையில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு நீங்க இந்த வண்டிய எடுத்தா நான் ஏற மாட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏறாம எப்படி வீட்டுக்கு வருவே?"

"நடந்து."

"பதினாலு கிலோமீட்டரா?"

"நடந்துதாங்க."

பதினெட்டு வருடத்தில் மழை, காய்ச்சல், சண்டை எதற்கும் அவள் அந்த வண்டியில் ஏறாமல் இருந்ததில்லை. ஒரு தடவை மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லாதபோதுகூட வந்து முன்சீட்டில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்து, பிறகு வழக்கம்போலத் தூங்கிப்போனாள். அவர் அவளைப் பார்த்தார். ஜன்னலோரம் தெரிந்த தலைகளைப் பார்த்தார். ஒரு குழந்தை ஜன்னல் கம்பியில் வாயை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் விசில் அடித்தார். அவர் வண்டிப் பக்கம் போகவில்லை. திரும்பி டைம் கீப்பர் அறையை நோக்கி நடந்தார். அவளும் பின்னாலேயே போனாள்.

டைம் கீப்பர் பெரிய மனசுக்காரர். மாற்று ஓட்டுநர் வேண்டும் என்றதும் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. காய்ச்சல்னு போடவா, வயித்து வலின்னு போடவா? எது சௌகரியம்?"

"கண்ணு."

"தூசி விழுந்துடுச்சா?"

"இல்ல. எதிர் வெளிச்சம் பட்டா தெரியறதில்ல. ரெண்டு வருஷமா."

பேனா அப்படியே நின்றது. அறையில் நாலைந்து ஓட்டுநர்கள் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். புயலும் அங்கேதான் இருந்தார். அவர் வாய்க்கு இது அல்வா மாதிரி விஷயம், என்ன சொல்லப்போகிறாரோ என்று அவளுக்குப் பதறியது.

புயல் டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எவ்வளவு எண்ணணும்?"

"ஏழு" என்றார் நிதானம்.



"எனக்கு நாலு" என்றார் புயல். அவரை யாரும் கேட்கவில்லை. டீயை முடிக்காமல் டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போனார்.

டைம் கீப்பர் கட்டத்தில் 'கண்' என்று எழுதினார். எழுதிய பிறகு, "எங்க மாமனாருக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஆபரேஷன் பண்ணாங்க. இப்ப எதிர் வீட்டுல என்ன சமைக்கறாங்கன்னு சொல்றாரு" என்றார். அது உண்மையோ, ஆறுதலுக்குச் சொன்னதோ, நிதானம் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

மாற்று ஓட்டுநர் சாவியை வாங்கிக்கொண்டு போனார். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு வண்டி கிளம்பியது. கண்டக்டர் படியில் நின்றபடி இவர்களை "வாங்க" என்று கையால் கூப்பிட்டார். நிதானம் வேண்டாம் என்று தலையசைத்தார். தன் வண்டி தன்னை விட்டுப் போவதை உள்ளே உட்கார்ந்து பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. இருவரும் நிலையத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வண்டி முனை திரும்பி மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்மேல கோவமா?" என்றாள்.

"இல்ல."

"அந்த ஏழு எண்றப்ப என்னங்க நெனப்பீங்க?"

அவர் விரலில் ஒட்டியிருந்த செய்தித்தாள் மையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னத்தான். முன்சீட்டுல தூங்கறியேன்னு நெனப்பேன். கால் பிரேக் மேலயே இருக்கும், உயிர் கையில இருக்கும். நம்ம ஸ்டாப்ல நீ எறங்கினதும்தான் மூச்சு வரும். அப்பாடான்னு இருக்கும்." நிறுத்தினார். "அந்தச் சைக்கிள்காரர் வந்தது நீ எறங்கின பிறகு. அன்னைக்குத்தான் ஒறைச்சது. நீ எறங்கிட்டே, பயம் போயிடுச்சு. ஆனா உள்ள முப்பத்தொம்பது பேர் உக்காந்திருந்தாங்க. அவங்களுக்காக எனக்கு ஒரு நாளும் பயமே வந்ததில்ல. என்ன மனுஷன் நான்னு இருந்துச்சு. ஒரு வாரம் யோசிச்சு, ஒரு ராத்திரி கடைசி நடைய முடிச்சிட்டு அந்தத் தாள எழுதினேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள், பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. அவரைத் தேற்றவும் இல்லை, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லவும் இல்லை. ஒன்றுமில்லாத விஷயம் இல்லை அது.

"பேனா குடு" என்றார்.

தாளை முழங்காலில் வைத்து, மீட்டர் எண்ணுக்குக் கீழே முழுப் பெயர், ஓட்டுநர் என்ற வேலை, லைசன்ஸ் எண், வீட்டு விலாசம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதி முடித்ததும் பேனாவை அவள் வாங்கினாள். தாளையும் வாங்கினாள். அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.

"நீ எதுக்கு?"

"நானுந்தான் தெனம் எறங்கிப் போயிட்டேன். அந்த முப்பத்தொம்பது பேர ஒரு தடவையாவது திரும்பிப் பாத்தேனா? இந்தத் தாள எடுத்துட்டு வந்ததுக்கும் நாளைக்கு நான் காற்புள்ளிகிட்ட பதில் சொல்லணும். ரெண்டு பேருமா சொல்லிக்கலாம்."

அவர் தாளை எட்டிப் பார்த்தார். "ரெண்டு கையெழுத்து இருக்கு. ரெண்டுன்னு எண்ணுவாங்களா?"

"எத்தன பேர் போட்டாலும் ஒரு கடிதம் ஒண்ணுதாங்க."

"அப்ப நீ தனியா ஒண்ணு எழுதேன். கணக்குல ஒண்ணு கூடும்ல."

"வேண்டாம். ஒண்ணாவே போகட்டும்" என்று சொல்லி, தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

ஆறே முக்கால் வண்டி வந்தது. நடுவில் ஒரு இருக்கை காலியாக இருந்தது. ஜன்னல் பக்கம் அவர் உட்கார்ந்தார், பக்கத்தில் அவள். வேறு யாரோ ஓட்ட, அந்தச் சாலையில் இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்து வீட்டுக்குப் போனது பதினெட்டு வருடத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை.